பெரிய டாக்டருக்கு நான் போட்ட கையெழுத்து

பயிற்சிக்கு வரும் டாக்டர்களின் பெயர்ப் பட்டியல் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு வந்துவிடும். அந்தத் திங்கட்கிழமை வந்த பட்டியலில் நாலாவது பெயரைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதே பெயர்தான்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் ஆபரேஷன் தியேட்டரில் புது நர்ஸ். கேட்ட கிளாம்பை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டிவிட்டேன். அதைத் தரையில் வீசியடித்து, "இவள வெளிய அனுப்புங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திய சர்ஜன் அவர். கருவிகளை ஆவியில் வேகவைக்கிற அறைக்குப் போய், அந்தச் சூட்டில் நின்று அழுதேன். கண்ணீரா வேர்வையா என்று யாருக்கும் தெரியாது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மனிதர்தான் ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் மாணவராக வருகிறார். வசமாக மாட்டினார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அன்று காலை டீ கொஞ்சம் கூடுதலாகவே ருசித்தது.

எங்கள் பிரிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இனி நோயைக் குணப்படுத்த முடியாது என்று மற்ற டாக்டர்கள் கையை விரித்த பிறகு எங்களிடம் அனுப்புவார்கள். வலியைக் குறைப்போம், புண்ணைச் சுத்தம் செய்வோம், மூச்சுத்திணறலைத் தணிப்போம், இருக்கிற நாட்களை மனிதர்கள் மாதிரி இருக்கவைப்போம். பாலியேட்டிவ் என்று சொன்னால் புதுச்சேரியில் பாதிப் பேருக்குப் புரியாது. "வலி டாக்டருங்க" என்று சொன்னால் புரியும். பெரிய படிப்பெல்லாம் முடித்த டாக்டர்கள் ஆறு வாரம் எங்களிடம் வந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு போவார்கள். முதல் பத்து நாள் வகுப்பு. அதற்குப் பிறகு வேனில் ஏறி வீடு வீடாகப் போக வேண்டும். வகுப்பு எடுப்பது டாக்டர்கள். வீடுகளுக்குக் கூட்டிப் போவது நான்.

பயிற்சி டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. பார்த்த நோயாளி, செய்த வைத்தியம் எல்லாம் அதில் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் எங்கள் தலைமை டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுச் சேவை நர்ஸ் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சான்றிதழ் கிடையாது. யாரோ புண்ணியவான் என்றைக்கோ போட்ட விதி. என்னிடம் அதற்கு மதிப்பெண் கணக்கெல்லாம் இல்லை. பேனாவை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: நாளைக்கு அரியாங்குப்பத்தில் என் வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டால் இவரை அங்கே அனுப்புவேனா? அனுப்புவேன் என்றால் கையெழுத்து. இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் வேனில் ஏறட்டும். தங்க மெடல் வாங்கிய ஒருத்தரை இரண்டு வாரம் கூடுதலாக ஏற்றியிருக்கிறேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சிலர் சொல்வது எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

சர்ஜன் முதல் நாள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். பக்கத்தில் சாரம் பகுதியில்தான் வீடு, நடந்தே வந்தேன் என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே நிமிர்வு, அதே இஸ்திரி மடிப்பு. சின்ன டாக்டர்கள் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி புது நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. "வணக்கம் சிஸ்டர்" என்றார். ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த மாதிரி ஒரு பிரிவு தொடங்கப் போகிறார்களாம். அதை நடத்த அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முதலில் போனது தையல்கார பாய் வீட்டுக்கு. பழைய நகரத்தின் தென்பக்கம், முஸ்லிம்கள் இருக்கும் தெருக்களில் ஒன்று. வேன் உள்ளே போகாது, தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பாய்க்கு எழுபது வயது. போலீஸ் யூனிஃபார்ம் தைப்பதில் பேர் போனவர். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். பிராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் இடுப்பு எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி.

சர்ஜன் உள்ளே நுழைந்தார். பாயின் மனைவியும் மகனும் எழுந்து ஒதுங்கினார்கள். அவர் நேராகக் கட்டிலுக்குப் போனார், போர்வையை இழுத்துக் கீழே தள்ளினார், லுங்கியைத் தளர்த்தினார், இடுப்பில் இரண்டு இடத்தில் அழுத்தினார். "இங்க வலிக்குதா? இங்க?" பாயின் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ வந்தது. வேண்டாம் என்று கையாலேயே சொல்லிவிட்டார். மார்பின் மாத்திரை எழுதினார். அதோடு மலம் இளக்கும் சிரப்பும் எழுதினார், அதைச் சொல்ல வேண்டும். மார்பின் வலியைக் குறைக்கும், ஆனால் குடலைத் தூங்கவைத்துவிடும். அதனால் மார்பின் எழுதும் கை சிரப்பையும் எழுதியாக வேண்டும் என்பது வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

கிளம்புவதற்கு முன்னால் நான் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "பாய், வலி கொறஞ்சா மொதல்ல என்னா செய்யணும்னு ஆசப்படுறீங்க?"

பாய் யோசிக்கவே இல்லை. "ஒரு ஜும்மா, சிஸ்டர். வெள்ளிக்கெழம பள்ளிவாசலுக்குப் போயி, எல்லாரோடயும் வரிசையில ஒக்காந்து தொழணும். வூட்ல தொழுவறேன், இல்லேங்கல. ஆனா ஜும்மா போயி மாசம் ரெண்டாவுது. சின்ன வயசுலேர்ந்து விட்டதில்ல."

"நாற்காலி போட்டு ஒக்காரலாம்ல?"

"ஒக்காரலாம். அதுக்கு இந்த இடுப்பு ஒத்துக்கணுமே."

அதுதான் எங்கள் வேலை என்று ஆகிவிட்டது. மருந்துச் சீட்டின் மேலே நான் எப்போதும் நோயாளியின் ஆசையை ஒரு வரி எழுதிவைப்பேன். "ஒரு ஜும்மா" என்று எழுதினேன்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் இருபத்தைந்து வருடத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். "சார், இது வார்டு இல்ல, அவரு வூடு. அங்க நீங்க டாக்டரு அப்புறம், விருந்தாளி மொதல்ல. உள்ள வரலாமான்னு கேக்கணும். ஒக்காரணும். குடுக்கறத வாங்கிக் குடிக்கணும். பொம்பளைங்க நிக்கறப்போ போர்வைய இழுக்கக் கூடாது. அவரு பொணமா, போத்தியிருக்கறத உருவிப் பாக்கறதுக்கு?"

டிரைவர் கண்ணாடியைச் சற்றுத் திருப்பிவைத்து என்னையே பார்த்தார். சர்ஜன் கத்தவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். விருந்தாளி என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். எனக்கு உள்ளூர மனசு குளிர்ந்துபோனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வேறு ஆள். வாசலில் நின்று "உள்ள வரலாங்களா பாய்?" என்று கேட்டார். உட்கார்ந்தார். டீ குடித்தார். பாயின் மனைவி வைத்த சமோசாவையும் ஒன்று எடுத்துக்கொண்டார். வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பாய் தலையணையில் சாய்ந்து, போலீஸ்காரர் சட்டைக்குத் தோள்பட்டை பிடிப்பது எப்படி என்று விளக்க, சர்ஜன் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வெள்ளிக்கெழம போயிடுவேன் டாக்டர்" என்றார் பாய். வேனில் நான் சர்ஜனை வாயாரப் பாராட்டினேன். என் கைராசி என்று மனசுக்குள் என்னையும் பாராட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிரிவுக்குப் போன் வந்தது. எடுத்தது சர்ஜன். பாயின் மகன் பேசினார். நான் பக்கத்தில் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க தம்பி... அப்படியா... தண்ணியாவா போவுது... பயப்படாதீங்க... அந்த சிரப்ப நிறுத்திடுங்க, நான் சொல்ற மாத்திரைய வாங்கிக் குடுங்க, நின்னுடும்... அத்தாவ நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க." எத்தனை பக்குவமான குரல். தியேட்டரில் கத்திய தொண்டையா இது என்று வியந்தேன். குரலைத்தான் கேட்டேன். என்ன மாத்திரை, எதற்கு என்று என் காதில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் நான் அந்தப் போனைப் பிடுங்கியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாய் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அது எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

வாசலிலேயே வாடை அடித்தது. ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். பாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், எங்களைப் பார்த்துத் திரும்பவில்லை. சர்ஜன் அனுமதி கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், டீயை வாங்கிக்கொண்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மெதுவாக விசாரித்தார். பாய் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். மூன்று நாளாக மார்பினையும் நிறுத்திவிட்டாராம்.

"அந்த வலி மாத்தர போட்டதுக்கு அப்புறந்தான் டாக்டர் இப்படிப் போவுது. வலியத் தாங்கிக்குவேன். இத தாங்க முடியல. நிக்கவே மாட்டேங்குது. தொழுவறதுக்கு மின்ன கை கால் கழுவி ஒளு செஞ்சு முடிக்கறதுக்குள்ள கசியுது. வூட்லகூட நான் தொழுது நாலு நாளாவுது."

"பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் அவர் மனைவி. "நோயாளிக்குச் சலுகை இருக்குது, அப்படியே தொழலாம், அல்லா ஏத்துக்குவான்னு. இவரு கேக்க மாட்டேங்கறாரு."

"அல்லா ஏத்துக்குவான்" என்றார் பாய் சுவரைப் பார்த்தபடியே. "பக்கத்துல ஒக்காருறவன் மூக்கு ஏத்துக்குமா?"

சர்ஜன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பேதியை நிறுத்தும் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்றார். பாயின் மனைவி என்னைக் கண்ணால் கூப்பிட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். கொடி முழுக்க லுங்கிகள். காலையிலிருந்து துவைத்தவை மட்டும் ஏழு.

"கெட்டியா எதாவது போவுதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். சொட்டு சொட்டா தண்ணிதான். கெட்டியா போயி பத்து நாளைக்கி மேல ஆவும்."

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இறங்கி வந்து, "பாய், வயித்துல கை வெச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு, இடது பக்கம் கை வைத்தேன். உள்ளே கல்லு கல்லாகத் தட்டுப்பட்டது. மலம் இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. அந்த அடைப்பின் பக்கவாட்டில்தான் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பேதி என்று நினைத்து, மலம் இளக்கும் மருந்தை நிறுத்தி, போவதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்து, அடைப்பின் மேல் சிமெண்டும் பூசியிருக்கிறோம். புற்றுநோய் முதுகுத் தண்டை அழுத்தினாலும் இப்படிக் கசியும் என்பதால் காலைத் தூக்கச் சொன்னேன். இரண்டு காலையும் தூக்கினார். நல்லவேளை, முதுகுத் தண்டில் கோளாறு இல்லை.

என் கை நின்ற இடத்தை சர்ஜன் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நாற்பது வருட சர்ஜன், அவருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் குழாயடி. அங்கே நின்றோம்.

"வயித்தத் தொட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்ல."

"போன வாரம்?"

"போன வாரமும் இல்ல." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். "மலச்சிக்கல்னு ஒரு கேஸ் வந்து, விரல் விட்டுப் பாக்காம எங்கிட்ட பேசின ஹவுஸ் சர்ஜன் எத்தன பேர வெளிய தொரத்தியிருக்கேன் தெரியுமா சிஸ்டர்? நான் பாக்கல. டீயக் கையில வெச்சிக்கிட்டு, அவரு சம்சாரம் எதிர்ல நிக்கறப்போ, லுங்கிய அவுருங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்கதான சொன்னீங்க, விருந்தாளி மாதிரி இருக்கணும்னு."

எனக்குச் சுரீர் என்றது. கோபம் வந்தது. முதலில் அவர் மேல், உடனே என் மேல். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட அந்தச் சொல் ஞாபகம் வந்தது. விருந்தாளியாக உள்ளே போகச் சொன்னேன். உள்ளே போன பிறகு எப்போது டாக்டராக எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கத்தாமல் பேசுவதைப் பார்த்த சந்தோஷத்தில், அவர் தொடாமல் பேசுவதை நான் கவனிக்கவில்லை. போன் பேசியபோதும் பக்கத்திலேயே நின்றேன்.

"என் தப்பும் இருக்குது சார்" என்றேன். அவரிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்வேன் என்று எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. "இன்னைக்குச் செவ்வாக்கெழம. வெள்ளிக்கெழமைக்கு மூணு நாள் இருக்குது."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். பாயின் கட்டில் பக்கம் குனிந்து நின்றார். "பாய், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்களுக்குப் பேதி இல்ல. உள்ள அடச்சிக்கிட்டிருக்கு. நான் அன்னிக்கே தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. நான் குடுத்த மாத்திரையால இன்னும் மோசமாச்சு. இப்ப விரல் விட்டு எடுக்கணும். கூச்சமாத்தான் இருக்கும். உங்களுக்கு சம்மதம்னா..."

பாய் அப்போதுதான் முகத்தைத் திருப்பி சர்ஜனைப் பார்த்தார்.

"டாக்டர், நான் அம்பது வருசமா அளவெடுத்தவன். இன்ஸ்பெக்டர்லேர்ந்து கான்ஸ்டபிள் வரிக்கும் எத்தன பேரு இடுப்பு, எத்தன பேரு தொட. கூச்சப்பட்டா பேண்டு லூசாயிடும். கையத் தூக்குங்கன்னு சொல்லுவேன், தூக்குவாங்க, டேப்ப வெப்பேன். அவ்ளோதான். நீங்க இன்னாத்துக்கு இவ்ளோ இழுக்கறீங்க? திரும்பிப் படுங்கன்னு சொல்லுங்க, படுக்கறேன்."

"திரும்பிப் படுங்க பாய்" என்றார் சர்ஜன்.

மார்பின் ஒரு வேளை கொடுத்து அரை மணி நேரம் காத்திருந்தோம், செய்யும்போது வலிக்கக் கூடாது என்று. பாயின் மனைவியை மாடிக்கு அனுப்பினேன். எண்ணெய் எனிமா கொடுத்து ஊறவிட்டோம். பிறகு நான் போர்வையைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு, பாயின் தலைப்பக்கம் நின்றேன். மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி, கையுறை, மறுபடி ஜெல்லி, துணி, பேசின் என்று திரைக்கு மேலாக ஒவ்வொன்றாக நீட்டினேன். இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, "போதுமா பாய், மூச்ச விடுங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். வாடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மாதிரி, நான் நீட்டினேன், அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கினார். அன்றைக்கு நான் எதையும் தப்பாக நீட்டவில்லை. அவர் எதையும் வீசவில்லை.

முடிந்ததும் நான் வெந்நீர் வைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவரும் மகனும் சேர்ந்து பாயைக் கழுவித் துடைத்து, புது லுங்கி கட்டிவிட்டிருந்தார்கள். சர்ஜனின் சட்டை முழுக்கத் தெறித்திருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வயிறு தட்டையாகிவிட்டிருந்தது.

"மணி என்னா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நாலு ஆவப்போவுது அத்தா" என்றார் மகன்.

"அஸருக்கு நேரமிருக்குது. தண்ணி கொண்டா."

நாங்கள் அந்தத் தொழுகைக்கு நிற்கவில்லை. அது அவர் விஷயம். சர்ஜன் வேனில் ஏறினார். உட்கார்ந்ததும் பதிவேட்டை எடுத்து, தவறுகள் என்று ஒரு பகுதி இருக்கிறதே, பெரும்பாலானவர்கள் இல்லை என்று எழுதிவிடுகிற அந்தப் பகுதியில், நடந்ததை ஒன்று விடாமல் எழுதினார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கவில்லை, போனில் கேட்டதை நம்பினேன், ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று. நான் அதை வாங்கி, அதற்குக் கீழே என் தப்பையும் எழுதினேன். எங்கள் தலைமை டாக்டர் அதைப் படித்துவிட்டு, நர்ஸ் பதிவேட்டில் எழுதலாமா என்று கேட்டார். விதியில் கூடாதென்று இல்லையே என்றேன்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் சர்ஜன் வேனுக்குக் காத்திருக்காமல், ஸ்கூட்டரில் தானே பாய் வீட்டுக்குப் போய், வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சிரப்பைத் திரும்ப ஆரம்பித்து, மார்பினையும் சரிசெய்துவிட்டு வந்தார். கசிவு நின்றது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் வேனைப் பள்ளிவாசல் தெருமுனையில் நிறுத்தினோம். வேலை ஒன்றும் இல்லை. பாய்க்கு நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு சாக்கு. ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரே ஒரு காலத்தில் தைத்த வெள்ளை ஜிப்பா, இப்போது தோளில் தொளதொளவென்று தொங்கியது. மகன் ஒரு பக்கம், இன்னொருவர் ஒரு பக்கம். உள்ளே போனார். வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்களாம்.

வேனில் வெயில் கொளுத்தியது. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "சார், இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால தியேட்டர்ல ஒரு நர்ஸ் மேல கோபப்பட்டு கிளாம்ப வீசினீங்களே, ஞாபகம் இருக்குதா?"

என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களா?"

"நாந்தான்."

"ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றார் நிதானமாக. "நெறைய பேரு மேல வீசியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு திருப்தி இருந்திருக்காது. டிரைவரும் சிரித்தார். சர்ஜன் மட்டும் சிரிக்கவில்லை, கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. கூட்டத்தின் நடுவில், ஆள் ஆளாக நின்று சலாம் சொல்லிக் கையைப் பிடிக்க, பாய் மெதுவாக வந்தார். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆட்டோவுக்குப் போகாமல் எங்கள் வேன் பக்கம் வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. நான் நோயாளியாகவே பார்த்த மனிதர், அன்றைக்குத்தான் கடைக்காரராகத் தெரிந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று சர்ஜன் கூச்சத்தோடு இறங்கி நின்றார். பாய் அவரைத் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு நோட்டம் விட்டார்.

"சட்ட யாரு தச்சது டாக்டர்?"

"ரெடிமேட் பாய்."

"அதான் பாத்தேன். தோள்பட்ட ஒரு இஞ்ச் எறங்கி நிக்குது. அன்னிக்கி உங்க சட்டையும் வீணாப்போச்சி. செவ்வாக்கெழம வரீங்கல்ல? அப்ப பாத்துக்கலாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை சர்ஜனுக்கு ஆறாவது வாரம், எங்களோடு கடைசிப் பயணம். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். உட்கார்ந்தார், டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்ததும், "பாய், வயித்தப் பாக்கணும், மல்லாந்து படுங்க" என்றார். இரண்டும் ஒரே குரலில், இடையில் தடங்கல் இல்லாமல் வந்தன. இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருடமாக டாக்டர்களுக்குச் சொல்லித்தர முயன்றுகொண்டிருக்கிறேன். விருந்தாளி எங்கே முடிகிறார், டாக்டர் எங்கே தொடங்குகிறார் என்று கோடு போட்டுக் காட்ட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்து முடித்ததும் பாய் மகனிடம் கையை நீட்டினார். மகன் டேப்பைக் கொடுத்துவிட்டு, சின்ன நோட்டும் பென்சிலுமாக நின்றார். பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கையத் தூக்குங்க டாக்டர்."

தியேட்டருக்குள் நுழைந்தால் எங்கள் எல்லாரையும் அலறவைத்த அந்த மனிதர், நரைத்த தலையோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பாய் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். தோளிலிருந்து மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொரு அளவாகச் சொல்ல, மகன் எழுதிக்கொண்டார். அவர் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை போவார் என்று அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. நாலு போனார் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவரை நினைத்துப் பெருமை, பாயை நினைத்துப் பெருமை, இந்த வேலையையும் என்னையும் நினைத்துப் பெருமை. மறைக்க என்ன இருக்கிறது? நாற்காலியில் கிடந்த பதிவேட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். வழக்கமாகக் கையெழுத்து மட்டும்தான் போடுவேன், கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொள்வேன். அன்றைக்குக் கையெழுத்துக்கு மேலே, கட்டத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் எழுதினேன்: "என் வீட்டுக்கு அனுப்புவேன்."

"சிஸ்டர், ஆச்சா?" என்றார் சர்ஜன், கையை இறக்காமலே.

"ஆச்சு சார்" என்றேன். "அசையாதீங்க, அளவு தப்பிடும்."